கிரேக்கக் காவியத்தில் வீரனும் தலைவனும்: ஓர் எளிய அறிமுகம்

தலைமைப் பண்பைப் பற்றிய மேடை உரைகளிலும் தன்னம்பிக்கைக் கட்டுரைகளிலும் அடிக்கடி இழுத்துவரப்படும் பெயர் அக்கிலீஸ். அச்சம் அறியாதவன், குதிகாலைத் தவிர உடம்பில் வேறெங்கும் ஆயுதம் பாயாதவன் என்று அவனை அறிமுகப்படுத்துவார்கள். கூடவே அகமெம்னானைக் கெட்ட அரசனாகவும், ஒடிசியஸை எந்தச் சிக்கலிலிருந்தும் மீளத் தெரிந்த சாமர்த்தியசாலியாகவும் காட்டிவிட்டால் கிரேக்கக் காவியம் விளங்கிவிட்டது என்பது பலருடைய எண்ணம்.

ஆனால் ஹோமரின் இலியட்டில் அந்தக் குதிகால் கதையே கிடையாது. பிறந்த குழந்தையைத் தாய் பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்ததை நாம் படிப்பது ஸ்டேஷியஸ் என்ற லத்தீன் கவிஞரிடம், அவர் கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இலியட்டிலோ, 21ஆம் காண்டத்தில், ஆஸ்டெரோபயஸ் என்ற வீரன் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் ஈட்டி எறிகிறான். ஒன்று கேடயத்தில் மோதி நிற்கிறது. மற்றொன்று அக்கிலீஸின் வலது முன்கையைக் கீற, கருங்குருதி பீறிடுகிறது. அவன் உடம்பும் எல்லோருடைய உடம்பையும் போலத்தான். இந்த ஒரு செய்தியை மறந்துவிட்டால் கிரேக்கக் காவியம் வீரம் என்று எதைச் சொல்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது. ஏன் என்பதைத்தான் இக்கட்டுரை படிப்படியாக விளக்க முயல்கிறது.

எந்தக் கதை, எவ்வளவு கதை

கிரேக்கக் காவியம் என்று இங்கே நான் சொல்வது ஹோமரின் பெயரில் வழங்கும் இலியட், ஒடிசி ஆகிய இரண்டையும் மட்டுமே. இரண்டும் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதையடுத்த சில பத்தாண்டுகளிலோ இன்றைய வடிவத்தை நெருங்கியவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இலியட்டில் 15,600க்கும் மேற்பட்ட அடிகள், ஒடிசியில் 12,000க்கும் மேற்பட்ட அடிகள். இரண்டும் 24 காண்டங்களாகப் பகுக்கப்பட்டவை.

இலியட், கிரேக்கப் படை ட்ராய் நகரை எதிர்த்து நடத்திய ட்ராய்ப் போரின் முழுக் கதையும் அன்று. பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்களை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. மரக்குதிரை அதில் வராது. அக்கிலீஸின் சாவும் வராது. அதன் முதல் சொல்லே ‘சினம்’ என்பதுதான். படைத் தலைவன் அகமெம்னானுக்கும் படையின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸுக்கும் மூண்ட பூசலும், அதனால் சொந்தப் படையே அழிந்ததும், அந்தச் சினம் எப்படித் தணிந்தது என்பதும்தான் கதை. வெளியே இருக்கும் எதிரியைவிட உள்ளே இருக்கும் பூசலைப் பற்றிய காவியம் அது என்று சொன்னால் மிகையாகாது.

‘ஹீரோ’ என்ற சொல்

நாம் அன்றாடம் புழங்கும் ‘ஹீரோ’ கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் பொருள் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. திரைப்படம் பழக்கிய நமக்கு ஹீரோ என்றால் நல்லவன், கடைசியில் வெல்பவன். ஹோமரிடம் ‘ஹீரோஸ்’ என்பது பழைய தலைமுறையைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஆடவன் என்ற அளவில்தான் நிற்கிறது. ஒடிசியில் கண்பார்வையற்ற பாடகன் டெமோடோகஸுக்கும் அந்தச் சொல் வருகிறது. கலத்தில் மதுவைக் கலந்து பரிமாறும் கட்டியக்காரன் ஒருவனுக்கும் வருகிறது. நல்லவனா, வெல்பவனா என்ற கேள்வி அதில் அடங்கியதே இல்லை. பிற்காலக் கிரேக்கத்தில் இறந்த வீரனின் சமாதியில் பலியிட்டு வணங்கும் வழக்கம் பரவியபோது அதே சொல் வழிபடப்படும் இறந்தவனையும் குறித்தது. அந்தப் பொருளை நடுகல் அறிந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அக்கிலீஸ் நல்லவனா கெட்டவனா என்ற வழக்கமான பட்டிமன்றத்தை ஒதுக்கிவிடலாம். காவியம் கேட்கும் கேள்வி வேறு: ஒருவனுக்கு ஊர் எதற்காக மதிப்பளிக்கிறது, அதற்குப் பதிலாக அவனிடம் எதை வாங்கிக்கொள்கிறது?

பரிவட்டமும் பரிசுப் பங்கும்

ஒரு கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்வோம். முதல் மரியாதையாக ஒருவருக்குப் பரிவட்டம் கட்டுகிறார்கள். அந்தத் துணியின் விலை நூறு ரூபாய்கூட இராது. ஆனால் ஊர் கூடி நிற்கும்போது, கட்டிய பரிவட்டத்தை வேறொருவர் அவிழ்த்துத் தன் தலையில் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? துணி போயிற்று என்று யாரும் வருந்தப் போவதில்லை. போவது வேறொன்று, அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பகை நிற்கும்.

இந்த வேறொன்றுக்குக் கிரேக்கத்தில் ‘திமே’ என்று பெயர்: ஒருவனுக்குச் சமூகம் அளிக்கும் மதிப்பு. அந்த மதிப்பு கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறி நிற்பதற்கு ‘கெராஸ்’ என்று பெயர்: வென்ற ஊரின் கொள்ளைப் பொருளைப் படை கூடிப் பிரிக்கும்போது ஒருவனுக்கென்று தனியே எடுத்துத் தரும் பரிசுப் பங்கு. நம்முடைய ஒப்புமையில் மரியாதைதான் திமே, பரிவட்டம்தான் கெராஸ். இனி இவற்றை மதிப்பு என்றும் பரிசுப் பங்கு என்றும் குறிப்பிடுகிறேன்.

இலியட்டின் முதல் காண்டத்தில் நடப்பதை இப்போது பார்க்கலாம். அப்பல்லோவின் பூசாரி கிரைசீஸ், போரில் பிடிபட்ட தன் மகளை மீட்கப் பெரும் பொருளோடு கிரேக்கப் பாசறைக்கு வருகிறார். படை முழுவதும் ‘கொடுத்துவிடலாம்’ என்று முழங்குகிறது. அவள் அகமெம்னானின் பரிசுப் பங்கு என்பதால் அவன் ஒருவன் மட்டும் மறுத்து, கிழவரை மிரட்டி விரட்டுகிறான். பூசாரியின் வேண்டுதலால் கொள்ளைநோய் பரவுகிறது. ஒன்பது நாள் பிணங்கள் எரிகின்றன. பத்தாம் நாள் சபையைக் கூட்டுபவன் தலைவன் அகமெம்னான் அல்லன், அக்கிலீஸ். பெண்ணைத் திருப்பியனுப்ப வேண்டிய கட்டாயம் வந்ததும், எனக்கு ஈடாக உடனே வேறொரு பங்கு வேண்டும், நான் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா என்கிறான் அகமெம்னான்.

அக்கிலீஸ் சொல்லும் பதில் உணர்ச்சிப் பேச்சு அன்று, கணக்குப் பேச்சு. பொதுக் கருவூலம் என்று ஒன்று நம்மிடம் இல்லை. கிடைத்ததெல்லாம் பிரித்துக் கொடுத்தாயிற்று. கொடுத்ததை மக்களிடமிருந்து திரும்பத் திரட்டுவது முறையாகாது. ட்ராய் நகரம் வீழ்ந்தால் மூன்று மடங்கு, நான்கு மடங்காகத் தருகிறோம் என்கிறான். அகமெம்னான் கேட்கவில்லை. நான் உன்னைவிட எவ்வளவு பெரியவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, அக்கிலீஸின் பரிசுப் பங்கான பிரைசெயிஸைப் பறித்துக்கொள்கிறான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடப்பது சரியன்று. பங்கு என்றும் பரிசு என்றும் இவர்கள் பேசுவது ஒரு பெண்ணை. கணவனும் உடன்பிறந்த மூன்று சகோதரர்களும் ஒரே நாளில் போரில் சாகக் கண்டவள் அவள் என்பதை 19ஆம் காண்டத்தில் அவள் வாயாலேயே கேட்கிறோம். காவியம் அந்த முறையைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவள் ஒப்பாரியை நம் காதில் விழாமலும் விடவில்லை.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: மதிப்பு என்பது படை கொடுப்பது, பரிசுப் பங்கு அதன் அடையாளம். தலைவன் தன் அதிகாரத்தால் அதைப் பறித்தபோது ஒரு பொருளை மட்டும் எடுக்கவில்லை. கொடுத்த படையின் முடிவையே செல்லாததாக்கினான்.

சாவுக்கு எதிராக ஒரு கொடுக்கல் வாங்கல்

இந்த மதிப்பைப் பெற வீரன் கொடுக்கும் விலை என்ன? இதைத் தெளிவாகச் சொல்பவன் ட்ராயின் பக்கம் நின்று போரிடும் லைசிய நாட்டு அரசன் சார்பிடான். 12ஆம் காண்டத்தில், கிரேக்கர்களின் மதில்மீது பாய்வதற்குமுன், தன் தோழன் கிளாக்கஸிடம் அவன் ஒரு கேள்வி கேட்கிறான்: ஊரில் நமக்கு மட்டும் ஏன் முதல் இருக்கை, முதல் தரமான இறைச்சி, நிறைந்த கிண்ணம்? ஆற்றங்கரையில் தோப்பும் கோதுமை வயலுமாக நமக்கு ஏன் இவ்வளவு நிலம்? அதனால்தான் நாம் இப்போது முன்வரிசையில் நிற்க வேண்டும். நம் அரசர்கள் கொழுத்த ஆட்டைச் சும்மா தின்னவில்லை என்று லைசியர்கள் சொல்ல வேண்டும் என்கிறான்.

பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவன் சண்டையிலும் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்ற எளிய நியாயம் இது. ஆனால் சார்பிடான் அடுத்துச் சொல்வதுதான் இதன் ஆழம். இந்தப் போரிலிருந்து தப்பினால் மூப்பும் சாவும் இல்லாமல் நாம் என்றென்றும் வாழ்வோம் என்றால், நானும் முன்வரிசையில் நிற்க மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன். எப்படியும் ஆயிரம் வழிகளில் சாவு நம்மைச் சூழ்ந்து நிற்கிறது, ஆகவே போவோம் என்கிறான். சாவு உறுதி என்பதால்தான் உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது. சார்பிடான் கடவுளர் தலைவன் சியூஸின் மகன். ஆனாலும் 16ஆம் காண்டத்தில் அவன் அக்கிலீஸின் தோழன் பாட்ரோக்ளஸின் கையால் சாகிறான். தந்தை செய்ய முடிந்ததெல்லாம் மண்ணில் குருதித் துளிகளை மழையாகப் பெய்ததும், உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவைத்ததுமே.

கடவுளரைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 5ஆம் காண்டத்தில் போர்க் கடவுள் ஏரீஸ் காயப்பட்டு, ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தியதுபோல் அலறி, வானுலகுக்கு ஓடிப்போய்த் தந்தையிடம் முறையிடுகிறார். மருந்திட்டதும் புண் ஆறிவிடுகிறது. அந்தக் காட்சி ஏறக்குறைய நகைச்சுவை. சாக முடியாதவருக்கு இழக்க ஒன்றுமில்லை; இழக்க ஒன்றுமில்லாதவர் வீரராக முடியாது. குதிகால் கதையைச் சொல்லி அக்கிலீஸை உயர்த்துவதாக நினைப்பவர்கள், தெரியாமலேயே அவனை ஏரீஸின் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

இசை என்றால் புகழ்

பரிசுப் பங்கு உயிரோடு இருக்கும்வரைதான். செத்தபின் வீரனுக்கு மிஞ்சுவதற்குக் கிரேக்கத்தில் ‘கிளெயோஸ்’ என்று பெயர்: பிறர் வாயால் சொல்லப்பட்டுக் காதால் கேட்கப்படும் புகழ். ‘கேள்’ என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழருக்கு இதை விளக்குவது எளிது. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்று வள்ளுவர் சொல்லும் ‘இசை’ புகழும்தான், ஒலியும்தான். கிளெயோஸும் அதே இரட்டைப் பொருளோடு நிற்கிறது.

புகழ் ஒலியாக இருந்தால் அதை ஒலிக்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய் பாடகனுடையது. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் அன்றைய யூகோஸ்லாவியாவின் நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிவு செய்து, எழுதிவைக்காமலேயே ஆயிரக்கணக்கான அடிகளை அவர்கள் பாடுவதைக் காட்டினார். ஹோமரிடம் ‘விரைகால் அக்கிலீஸ்’ போன்ற தொடர்கள் திரும்பத் திரும்ப வருவது அப்படிப் பாடிப்பாடி வளர்ந்த மரபின் அடையாளம் என்ற அவர் விளக்கம் இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களையும் இத்தகைய வாய்மொழி வீரப் பாடல்களாகப் படிக்கலாம் என்று வாதிட்ட நூல் 1968இல் வெளிவந்தது. அந்த வாதத்தின்மீது கடுமையான மறுப்புகள் எழுந்தன என்பது வேறு கதை.

வீரத்தின் கொடுக்கல் வாங்கல் இப்போது முழுமையாகிறது. வீரன் உயிரைப் பணயம் வைக்கிறான். படை பரிசுப் பங்கு தருகிறது. பாடகன் புகழைத் தருகிறான். இந்த மூன்றில் நடுவில் இருப்பது அறுந்தால் முதலாவது ஏன் நடக்க வேண்டும்? அக்கிலீஸ் கேட்பது இதைத்தான்.

தலைவனை எது தலைவனாக்குகிறது

அகமெம்னான் தலைசிறந்த வீரன் அல்லன் என்பது பாசறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அவன் எப்படித் தலைவன்? 2ஆம் காண்டத்தில் வரும் கப்பல் பட்டியல் பதில் சொல்கிறது. அகமெம்னான் கொண்டுவந்தவை 100 கப்பல்கள். அதற்கு மேல் கடலறியாத ஆர்கேடியர்களுக்கு 60 கப்பல்களைக் கொடுத்தவனும் அவனே. முதியவர் நெஸ்டர் 90, அக்கிலீஸ் 50, ஒடிசியஸ் வெறும் 12. பூசலின் நடுவே சமாதானம் பேச எழும் நெஸ்டர் இதைத் தராசில் நிறுத்துவதுபோல் சொல்கிறார்: அக்கிலீஸிடம், நீ வலியவன், தெய்வத்தாய் பெற்றவன், ஆனால் இவன் மேலானவன், ஏனென்றால் அதிகம் பேரை ஆள்கிறான் என்கிறார், அகமெம்னானிடம், நீ பெரியவன்தான், ஆனாலும் படை கொடுத்த பங்கைப் பறிக்காதே என்கிறார். இருவரும் கேட்கவில்லை.

தலைமைக்கு அடையாளமாக ஒரு கோல் உண்டு. அகமெம்னானின் கோல் கடவுளரின் கொல்லன் ஹெஃபைஸ்டஸ் செய்தது, சியூஸிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது என்று அதன் வம்சாவளியைக் காவியம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட கோல் அடுத்த சில நூறு அடிகளில் என்ன பாடுபடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படையின் உறுதியைச் சோதிக்க நினைத்த அகமெம்னான், வாருங்கள், ஊருக்குப் போகலாம் என்று பொய்யாகச் சொல்ல, படை அதை மெய்யென்று நம்பிக் கப்பல்களை நோக்கி ஓடுகிறது. தலைவன் திகைத்து நிற்க, ஒடிசியஸ் அந்தக் கோலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடுகிறான். வழியில் தலைவர்களைக் கண்டால் இதமாகப் பேசுகிறான். சாதாரண வீரனைக் கண்டால் கோலால் அடிக்கிறான்.

திரும்பி வந்து உட்கார்ந்த படையில் ஒருவன் மட்டும் அடங்கவில்லை. அவன் பெயர் தெர்சைட்டீஸ்: வளைந்த கால், ஒரு காலில் நொண்டல், கூனிய தோள், கூம்பிய தலையில் நாலு மயிர். அவன் சொல்வதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். உனக்கு இன்னும் என்ன குறை, உன் குடிலில் வெண்கலம் நிறையக் கிடக்கிறது, உன்னைவிடச் சிறந்த அக்கிலீஸை அவமதித்தாய் என்று அவன் அகமெம்னானைக் கேட்பது, அக்கிலீஸ் கேட்டதையேதான். ஓர் அடி எழுத்துப் பிசகாமல் அக்கிலீஸின் அடி. ஒடிசியஸ் அந்தப் பொற்கோலால் அவன் முதுகில் அடிக்க, குருதி கட்டி வீங்குகிறது. அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்கார்கிறான். மனம் சோர்ந்திருந்த படை அதைப் பார்த்துச் சிரிக்கிறது. அக்கிலீஸ் சொன்னால் காவியம், தெர்சைட்டீஸ் சொன்னால் அடி. ஹோமர் இங்கே யார் பக்கம் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என் கண்ணுக்கு, நியாயம் இருந்தும் நிலை இல்லாதவனின் பேச்சு என்ன ஆகும் என்பதை அந்த வீக்கம் மறைக்காமல் காட்டுகிறது.

சுருக்கமாக: வீரம் உடம்பிலும் செயலிலும் இருக்கிறது, தலைமை கப்பல் எண்ணிக்கையிலும் பரம்பரைக் கோலிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இல்லாதபோது, பிரித்துக் கொடுப்பதை நேர்மையாகச் செய்வது ஒன்றுதான் தலைவனைக் காப்பாற்றும்.

விட்டுவிட்ட நான்கு அடிகள்

பிரைசெயிஸைப் பறிகொடுத்த அக்கிலீஸ் போரிலிருந்து விலகிய பிறகு படை தோற்கத் தொடங்குகிறது. 9ஆம் காண்டத்தில் அகமெம்னான் இறங்கிவந்து ஈடு சொல்கிறான்: பத்துத் தாலந்து பொன், ஏழு முக்காலிகள், இருபது கொப்பரைகள், பந்தயக் குதிரைகள் பன்னிரண்டு, பிரைசெயிஸ், மேலும் தன் மகள்களில் ஒருத்தி, ஏழு ஊர்கள். பட்டியலை முடிக்கும்போது அவன் சொல்வது: அவன் எனக்குப் பணியட்டும், அரசனாக நானே பெரியவன், வயதிலும் மூத்தவன்.

தூது செல்லும் மூவரில் ஒடிசியஸ் அந்தப் பட்டியலை ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கிறான். வாய்மொழிக் காவியத்தில் செய்தியை அப்படியே திருப்பிச் சொல்வது வழக்கம். கேட்பவர்களின் காது அதற்குப் பழகியது. ஆகவே கடைசி நான்கு அடிகளை, ‘எனக்குப் பணியட்டும்’ என்ற பகுதியை, ஒடிசியஸ் விழுங்கிவிட்டு, அகமெம்னானை வெறுத்தாலும் மற்றவர்கள்மேல் இரக்கம் கொள் என்று மாற்றி முடிக்கும்போது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கட்டாயம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அக்கிலீஸின் மறுமொழி அந்த இடைவெளியை முகர்ந்ததுபோலத் தொடங்குகிறது: ஒன்றை மனத்தில் மறைத்து வேறொன்றைப் பேசுபவன் எனக்கு நரகவாயிலைப்போல வெறுப்புக்குரியவன்.

இவ்வளவு பொருளையும் அவன் ஏன் மறுக்கிறான்? மொய் எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியும். திருப்பிச் செய்ய முடியாத அளவுக்குப் பெரிய மொய் வைப்பவன், தந்தவனாக இல்லை, ஆள்பவனாக ஆகிறான். மருமகனாக, ஊர்களைப் பெற்றவனாக, அக்கிலீஸ் அகமெம்னானின் கீழ்தான் நிற்பான். மேலும் அவன் கணக்கே இப்போது மாறிவிட்டது. ஆட்டையும் மாட்டையும் கொள்ளையடிக்கலாம், முக்காலியையும் குதிரையையும் பெறலாம், பற்களின் வேலியைத் தாண்டிய உயிரைத் திரும்பப் பிடிக்க முடியாது என்கிறான். தன் முன் இரண்டு வழிகள் உண்டு என்று தாய் சொன்னதையும் சொல்கிறான்: இங்கே நின்று போரிட்டால் ஊர் திரும்ப முடியாது, அழியாப் புகழ் உண்டு, ஊர் திரும்பினால் புகழ் இல்லை, நீண்ட வாழ்வு உண்டு.

ஆனாலும் அவன் கல்லாக நிற்கவில்லை. ஒடிசியஸிடம், நாளைக் காலை கப்பலேறுகிறேன் என்கிறான். தன்னை வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ் அழுது பேசியதும், போவதா இருப்பதா என்று விடிந்ததும் யோசிப்போம் என்கிறான். மூன்றாவது தூதன் அஜாக்ஸ் நாலு வார்த்தை கரடுமுரடாக, உன் தோழர்களின் அன்பை நினைக்காதவன் நீ என்றதும், ட்ராய்ப் படையின் தலைவன் ஹெக்டர் என் கப்பல்களை நெருங்கும்வரை போரிட மாட்டேன் என்று இறங்குகிறான். பொன் அசைக்காததை உறவு அசைத்தது. அந்த இறக்கம் போதவில்லை. அவனுடைய கவசத்தை அணிந்து போன தோழன் பாட்ரோக்ளஸ் செத்தபிறகே, கப்பலருகே பூமிக்குப் பாரமாக உட்கார்ந்திருந்தேன் என்று அவன் தன்னையே சபிக்கிறான்.

ஹெக்டரின் நாணம்

ட்ராயின் பக்கம் கதை வேறு. ஹெக்டரிடம் வீரமும் தலைமையும் ஒன்றாகவே இருக்கின்றன. அவனை இயக்குவது ‘ஐதோஸ்’: ஊர் என்ன சொல்லும் என்று கூசும் நாணம். 6ஆம் காண்டத்தில் மனைவி அந்திரோமகி கைக்குழந்தையோடு வந்து, மதிலுக்குள் நின்று போரிடுங்கள் என்று கெஞ்சும்போது, ட்ராயின் ஆடவர்முன்னும் நீளாடைப் பெண்டிர்முன்னும் எனக்கு நாணமாக இருக்கும் என்கிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு குழந்தை அலற, அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மகனை முத்தமிடுகிறான்.

நாணத்தைச் சொல்லும் அதே அடி, சொல் மாறாமல், 22ஆம் காண்டத்தில் திரும்ப வருகிறது. இடையில் நடந்தது இதுதான்: அக்கிலீஸ் மீண்டும் களமிறங்குவதை அறிந்த பாலிடமாஸ், ஹெக்டர் பிறந்த அதே இரவில் பிறந்தவன், இன்றிரவே படையை நகருக்குள் கொண்டுபோய்விடுவோம் என்று ஆலோசனை சொன்னான், ஹெக்டர் ஏளனம் செய்து மறுத்தான், படையும் அவனுக்கே கைதட்டியது. மறுநாள் படை வெட்டுண்டது. இப்போது மூடிய கோட்டை வாயிலுக்கு வெளியே தனியாக நின்று, உள்ளே போனால் பாலிடமாஸ் முதலில் பழிப்பான், என் செருக்கால் மக்களை அழித்துவிட்டேன், ட்ராயின் ஆடவர்முன்னும் நீளாடைப் பெண்டிர்முன்னும் எனக்கு நாணமாக இருக்கிறது என்கிறான். முன்பு அவனை ஊருக்காக வெளியே நிறுத்திய நாணம், இப்போது ஊருக்குத் தேவைப்படும் நேரத்தில் உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. தவறை ஒப்புக்கொண்டு திரும்பிவரத் தெரியாததுதான் ஹெக்டரின் தலைமையில் இருந்த ஓட்டை. நல்லவன் என்பதால் அது அடைபடவில்லை.

கோபம் தணிந்த பிறகு

பலரும் வேகமாகப் புரட்டிவிடும் 23ஆம் காண்டம் எனக்கு மிகவும் பிடித்தது. பாட்ரோக்ளஸின் நினைவாக அக்கிலீஸ் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறான். பரிசுகளைப் பிரித்துக் கொடுப்பவன் இப்போது அவனே. தேர்ப் பந்தயத்தில் நல்ல வீரன் யூமெலஸ் தேர் உடைந்து கடைசியாக வருகிறான். இரக்கப்பட்டு இரண்டாம் பரிசை அவனுக்குத் தரலாம் என்கிறான் அக்கிலீஸ். இரண்டாவதாக வந்த இளைஞன் அன்டிலோக்கஸ் எழுந்து, அவன்மேல் இரக்கம் இருந்தால் உன் குடிலிலிருந்து எடுத்துக் கொடு, என் பரிசை நான் விடமாட்டேன், வேண்டியவன் சண்டைக்கு வரட்டும் என்கிறான். முதல் காண்டத்தின் பூசல் அப்படியே மீண்டும் கண்முன் நிற்கிறது. ஆனால் இம்முறை கொடுப்பவன் இடத்தில் இருப்பவன் புன்னகைக்கிறான். நீ சொல்வது சரி என்று, யூமெலஸுக்குத் தன்னுடைய பொருளிலிருந்து ஒரு வெண்கல மார்புக் கவசத்தைக் கொடுக்கிறான். அது ஆஸ்டெரோபயஸிடமிருந்து, அவன் கையில் குருதி வரவைத்த அதே ஆளிடமிருந்து, அவன் களைந்தெடுத்தது.

24ஆம் காண்டத்தில், அக்கிலீஸ் கொன்ற ஹெக்டரின் தந்தையும் ட்ராயின் அரசருமான பிரியாம் வருகிறார். மகனின் உடலைக் கேட்டு, மகன்களைக் கொன்ற கையையே முத்தமிடுகிறார். காவியத்தின் தொடக்கத்திலும் ஒரு தந்தை மீட்புப் பொருளோடு வந்து விரட்டப்பட்டார். இங்கே இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். கிழவர் உடலைக் கண்டு கதறினால் தன் சினம் மீண்டும் மூண்டுவிடுமோ என்று அஞ்சி, உடலை அவர் கண்ணில் படாமல் கழுவி உடுத்தச் சொல்கிறான் அக்கிலீஸ். சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். பதினொரு நாள் என்கிறார் பிரியாம். அதுவரை படையை நிறுத்திவைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான்.

ஒடிசியஸின் கப்பல்கள்

ஒடிசி வேறு வகைத் தலைமையைப் பேசுகிறது: ஆட்களை உயிரோடு ஊர் கொண்டுசேர்ப்பது. அதன் தொடக்க அடிகளே, அவன் தோழர்களைக் காக்கப் பாடுபட்டான், அவர்கள் கதிரவனின் மாடுகளைத் தின்று தங்கள் மடமையால் அழிந்தார்கள் என்று அவன் சார்பில் வாதாடுகின்றன. ஆனால் எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. புறப்பட்ட 12 கப்பல்களில் 11, லைஸ்ட்ரிகோனியர் என்ற மனிதர் தின்னும் அரக்கரின் துறைமுகத்தில் அழிந்தன. மாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒடிசியஸ் தன் கப்பலை மட்டும் துறைக்கு வெளியே கட்டியிருந்தான்.

அதற்குமுன் நடந்ததும் கவனிக்கத்தக்கது. காற்றுகளைக் கட்டிவைத்த தோல்பையில் என்ன இருக்கிறது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாள் பாய்க்கயிற்றை வேறொருவர் கையிலும் கொடுக்காமல் தானே பிடித்திருந்தான். பத்தாம் நாள், சொந்தத் தீவில் தீ மூட்டுபவர்கள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், களைத்துத் தூங்கிவிட்டான். தோழர்கள் பேசிக்கொண்டது: அவனோடு நாமும் இதே தூரம் வந்தோம், அவன் பொன்னோடு போகிறான், நாம் வெறுங்கையோடு போகிறோம். பையை அவிழ்த்தார்கள், புயல் எல்லோரையும் திருப்பி அடித்தது. பங்கு பற்றிய அதே பழைய ஐயம்.

கடைசிக் காண்டத்தில், ஒடிசியஸ் தன் மனைவியை மணக்க விரும்பித் தன் வீட்டை மொய்த்திருந்தவர்களைக் கொன்றபின், அவன் தீவான இதாக்காவின் மக்கள் கூடுகிறார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவனின் தந்தை யூபெய்தீஸ் எழுந்து கண்ணீரோடு குற்றம் சாட்டுகிறார்: நல்ல ஆட்களையும் கப்பல்களையும் கொண்டுபோய் அழித்தான்; திரும்பி வந்து மிஞ்சிய சிறந்தவர்களையும் கொன்றான். கட்டியக்காரன் மெடோன், ஒரு கடவுள் அவனுக்குத் துணைநின்றதைக் கண்ணால் கண்டேன் என்கிறான்; முதியவர் ஹாலிதெர்சீஸ், உங்கள் பிள்ளைகளை நீங்கள் அடக்கவில்லை என்கிறார். கப்பல்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் அந்தச் சபையில் யாரும் பதில் சொல்லவில்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதம் ஏந்தி யூபெய்தீஸின் பின்னால் போகிறார்கள்; ஒடிசியஸின் முதிய தந்தை லயெர்டீஸ் எறிந்த ஈட்டி அவர் தலைக்கவசத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது.